கால்சியம் பார்த்தாயிற்றா, டாக்டர்?

அன்புள்ள இளம் இதய மருத்துவருக்கு,

ஐந்து மாதக் குழந்தை ஒன்று மூச்சிரைப்போடு ஐசியுவுக்கு வருகிறது. எக்கோவில் இடது கீழறை வீங்கி, சுருங்கத் தெம்பில்லாமல் கிடக்கிறது. வைரஸால் வந்த அழற்சியா, மரபணுக் கோளாறா என்று வார்டில் விவாதம் தொடங்குகிறது. அதற்குள் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி மூன்றுக்கும் ரத்தம் லேபுக்குப் போயிருக்க வேண்டும்.

2008-இல் வெளியான தென்கிழக்கு இங்கிலாந்து ஆய்வு இதற்குச் சாட்சி. இதயச் செயலிழப்போடு வந்த 16 கைக்குழந்தைகள். எல்லோரும் தெற்காசிய, கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள், தாய்ப்பால் குடித்தவர்கள். 2 பேரை இதய மாற்று சிகிச்சைக்கே அனுப்பியிருந்தார்கள். 6 பேருக்கு இதயம் நின்றுபோனது. 3 பேர் இறந்தார்கள். நோய்க்குக் காரணம் வைட்டமின் டி குறைவும் அதனால் சரிந்த கால்சியமும். பிழைத்த குழந்தைகளின் இதயம் மெல்லத் தேறியது.

கால்சியம் இல்லாமல் இதயத் தசை சுருங்காது. லண்டனில் சிட்னி ரிங்கர் 1883-இல் இதைக் கண்டார். குழாய் நீரில் கரைத்த உப்புக் கரைசலில் துடித்த தவளை இதயம், காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தபோது சோர்ந்துபோனது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்திருந்தது.

ஈசிஜியை நிதானமாகப் பாருங்கள். கியூடி நீண்டிருக்கும், நீட்சி எஸ்டி பகுதியில் இருக்கும், டி அலை பெரும்பாலும் மாறாது. வைட்டமின் டி குறைவென்றால் பாராதைராய்டு ஹார்மோன் பொதுவாக எகிறியிருக்கும். கால்சியம் சரிந்தும் அது உயரவில்லையென்றால் சுரப்பியையும் மெக்னீசியத்தையும் சந்தேகியுங்கள். பெரியவர்களிடம் தைராய்டு அறுவைசிகிச்சைத் தழும்பு இருக்கிறதா என்று கழுத்தைப் பாருங்கள்.

அழற்சிக் கதையில் மட்டும் அவசரம் வேண்டாம். வைட்டமின் டி ஏற்பிகள் நோயெதிர்ப்புச் செல்களிலும் உண்டு என்பதால், அது அழற்சியைத் தணித்து இதயத்தையும் காக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குத் தினமும் 2000 யூனிட் வைட்டமின் டி கொடுத்ததில் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 கூடியது, ஆயுள் கூடவில்லை. 2017-இன் எவிடா ஆய்வில் 400 நோயாளிகள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 4000 யூனிட் வீதம் மூன்றாண்டு கொடுத்தும் இறப்பு குறையவில்லை. ஆகவே, வைட்டமின் டி குறைவால் கால்சியம் சரிந்த இதயத்துக்கு வைட்டமின் டி உயிர்காக்கும் மருந்து. மற்ற இதயத் தசை நோய்களில் ரிப்போர்ட்டில் அழற்சி எண் இறங்கியதை வைத்து நோய் இறங்கிவிட்டதாகக் குடும்பத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

கால்சியம் குளுக்கோனேட்டை மானிட்டரைப் பார்த்தபடி மெதுவாக ஏற்றுங்கள். ஊசி நழுவினால் தோலும் சதையும் வெந்துபோகும். குழந்தை தேறியதும் தாயின் வைட்டமின் டி அளவையும் பாருங்கள். வீட்டில் இன்னொரு சிறு பிள்ளை இருந்தால் அதையும் வரச்சொல்லுங்கள்.