குத்தகைக்கு விட்ட நிலம்: பிழைகள் தரும் பாடம்



இரண்டு அல்லது மூன்று ஏக்கர் நிலம் உள்ள எல்லோராலும் எல்லா ஆண்டும் தாமே பயிர் செய்ய முடிவதில்லை. வயது முதிர்வு, உடல் நலக்குறைவு, பிள்ளைகளின் படிப்பு, வெளியூர் வேலை என ஏதேனும் ஒரு காரணத்தால் நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட நேரிடுகிறது. பயிர் செய்யும் முறைகளைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். நிலத்தைப் பிறரிடம் ஒப்படைக்கும் முறையைப் பற்றி மட்டும் எவரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஆகவே பலரும் ஒரே வகையான பிழைகளைச் செய்து, நிலத்தையும் உறவையும் கெடுத்துக் கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இது ஒருவருடைய கதையன்று. பலருக்கும் நேர்வதைத் தொகுத்துச் சொல்லுகிறோம்.

இரண்டு ஏக்கர் நன்செய்

காவிரிப் பாசனப் பகுதியில் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் நன்செய் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரு போகம் சம்பா நெல். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை விளையும். அவர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அடுத்த தெருக்காரரிடம் வாய்ப்பேச்சாக நிலத்தை விட்டார். ஆண்டுக்கு 20 மூட்டை குத்தகை என்பது பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. 'அண்ணன் தம்பி போலப் பழகுகிறோம், எழுத்து எதற்கு?' என்றார்கள் இருவரும்.

சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தன. 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில், டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து தண்ணீரில் முளைத்தது. இந்த இரண்டு ஏக்கரிலும் கிடைத்தது 24 மூட்டைதான். குத்தகைதாரர் 12 மூட்டை கொண்டுவந்து கொடுத்து, மீதியைத் தள்ளிவிடும்படி கேட்டார். 'பேசியது பேசியதுதான்' என்றார் நிலச்சொந்தக்காரர். அடங்கலில் சாகுபடி அவர் பெயரிலேயே இருந்ததால், நிவாரணத் தொகையும் அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்தது. பாக்கி 8 மூட்டைக்கு ஈடு என்று அதையும் வைத்துக் கொண்டார்.

அந்தக் கோடையில் குத்தகைதாரர் நிலத்தை விட்டு விலகினார். ஊரில் வேறு எவரும் முன்வரவில்லை. ஓராண்டு நிலம் தரிசாகக் கிடந்தது. கோரையும் அருகும் படர்ந்தன, வாய்க்கால் தூர்ந்தது, வரப்பெல்லாம் எலி வளை. எட்டு மூட்டைக்காகப் பிடிவாதம் பிடித்தவர், அடுத்த ஆண்டு 20 மூட்டையையும் இழந்தார். வயலைச் சீர்படுத்தச் செலவு தனி.

இங்கே நடந்த பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பிழை: எழுத்து இல்லாமை

எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற அச்சம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. இந்த அச்சம் சரியன்று. 1955ஆம் ஆண்டின் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டப்படி, தம் உடலுழைப்பாலோ குடும்பத்தாரின் உழைப்பாலோ பயிர் செய்பவர் குத்தகை உழவர் ஆவார். வாய்மொழிக் குத்தகையாக இருந்தாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. எழுதாமல் விடுவதால் அந்தப் பாதுகாப்பு மறைந்துவிடாது. ஆனால் எவ்வளவு குத்தகை, எந்த நாளில், எந்தெந்தச் சர்வே எண் என்பதை மெய்ப்பிக்கும் வழி உங்களிடம் இல்லாமல் போகும். நிலத்தின் உரிமையும் பட்டாவும் குத்தகைப் பத்திரத்தால் மாறுவதில்லை.

எனவே பத்திரத்தை மூன்று படிகளாக எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டு, மூன்றாவது படியை வட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். குத்தகை வாங்கும் ஒவ்வொரு முறையும் ரசீது கொடுங்கள்.

இரண்டாம் பிழை: அளவுக்கு மீறிய குத்தகை

1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டப்படி இப்போது நிலச்சொந்தக்காரரின் பங்கு, வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம். நமது எடுத்துக்காட்டில் இரண்டு ஏக்கரின் வழக்கமான விளைச்சல் 60 மூட்டை. அதில் கால் பங்கு 15 மூட்டை. வாங்கியதோ 20. அந்த ஐந்து மூட்டை எங்கிருந்து வந்தது? எருவிலிருந்தும், களையெடுப்பிலிருந்தும், வாய்க்கால் பராமரிப்பிலிருந்தும்தான் வந்தது. மிகுதியாக வாங்கும் குத்தகையை நம் மண்ணே கொடுக்கிறது.

மூன்றாம் பிழை: கெட்ட ஆண்டைப் பற்றிப் பேசாமை

வெள்ளமும் வறட்சியும் வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் குத்தகை பேசும்போது நல்ல ஆண்டை மட்டுமே நினைத்துப் பேசுகிறோம். விளைச்சல் பாதிக்குக் கீழே போனால் எவ்வளவு தள்ளுபடி என்பதை முன்னதாகவே எழுதிவிடுங்கள். நட்டம் வந்த பிறகு பேசினால் பேச்சு சண்டையில்தான் முடியும்.

அடங்கலில் உண்மையாகப் பயிர் செய்பவரின் பெயர் பதிவாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் நீங்களே உடன் சென்று சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கவும், பயிர்க் காப்பீடு செய்யவும் அவருக்கு இந்தப் பதிவு தேவைப்படுகிறது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகை உழவரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமே. விதையும் உரமும் உழைப்பும் போட்டவருக்கு நிவாரணம் சேருவதுதான் முறை. தவறிப்போய் உங்கள் கணக்குக்கு வந்தாலும், அதை அவரிடம் கொடுத்துவிடுவதே நேர்மை.

நான்காம் பிழை: ஆண்டுக்கு ஆண்டு பேச்சு

'அடுத்த ஆண்டு நிலம் நம்மிடம் இருக்குமோ, இருக்காதோ' என்று நினைப்பவர் பசுந்தாள் உரம் இடுவாரா? தொழுவுரம் ஓட்டுவாரா? மாட்டார். யூரியாவைப் போட்டு, வந்த வரை லாபம் என்றுதான் நினைப்பார். குறை அவருடையதன்று, நம் பேச்சினுடையது. குறைந்தது ஐந்தாண்டு என்று உறுதி கூறிப் பாருங்கள், வயல் தானே மாறும்.

நீங்களும் ஒரு கை கொடுக்கலாம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது என்று முடிவு செய்து, விதைச் செலவை நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். உழவும் பாய்ச்சலும் அவர் பொறுப்பு. குத்தகை தொடங்கும்போது ஒருமுறையும், மூன்றாண்டுக்குப் பின் ஒருமுறையும் மண் பரிசோதனை செய்யுங்கள். வயலில் 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை மண் சுரண்டி, கலந்து, கால் பங்கீட்டு முறையில் அரைக் கிலோவாகக் குறைத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நிலம் தேறியதா, தேய்ந்ததா என்பதை இரண்டு அறிக்கைகளும் சொல்லிவிடும். ஒருவர் மீது ஒருவர் குறை சொல்ல வேண்டியிராது.

ஐந்தாம் பிழை: களத்து மேட்டில் மட்டும் தோன்றுதல்

அறுவடை அன்று மூட்டையை எண்ண மட்டும் வருகிறவருக்கு, நடவில் என்ன நடந்தது என்று தெரியாது. நடவு, பூக்கும் பருவம், அறுவடை என்று மூன்று முறையாவது வயலுக்குச் செல்லுங்கள். கணக்குக் கேட்கும் தோரணையில் போக வேண்டாம். 'தண்ணீர் எப்படி, மடை சரியாக இருக்கிறதா' என்று கேட்டு வாருங்கள். பயிர் சாய்ந்த வயலை நேரில் பார்த்தவருக்குத் தள்ளுபடி செய்ய மனம் வரும்.

பத்திரத்தில் மறவாமல் எழுத வேண்டியவை

1. சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை.
2. குத்தகை அளவு, நெல்லாகவா பணமாகவா, கொடுக்கும் நாள்.
3. குத்தகைக் காலம்.
4. வெள்ளம், வறட்சி ஆண்டில் தள்ளுபடி.
5. வாய்க்கால், வரப்பு, மோட்டார், மரங்கள் யார் பொறுப்பு.
6. பசுந்தாள் உரம், மண் பரிசோதனைச் செலவில் யாருக்கு எவ்வளவு.
7. காப்பீடும் நிவாரணமும் யாருக்குச் சேரும்.

பிணக்கு வந்தால் ஆட்களை வைத்து வெளியேற்ற நினைப்பது ஆறாவது பிழையாகிவிடும். குத்தகை பாக்கி வைத்தாலோ, நிலத்துக்குக் கேடு செய்தாலோ கூட, வருவாய் நீதிமன்றம் வழியாகத்தான் தீர்வு காண முடியும். அதற்கு முன் ஊர்ப் பெரியவர்கள் இருவரை வைத்துப் பேசிப் பாருங்கள்.

நமது எடுத்துக்காட்டு மனிதரும் இறுதியில் தெளிவு பெறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். பழைய குத்தகைதாரரின் வீட்டுத் திண்ணைக்குப் போய், நிவாரணத் தொகையைக் கையில் கொடுத்து, 'என் மேல்தான் தப்பு' என்கிறார். பதினைந்து மூட்டை என்று எழுதி இருவரும் கையொப்பமிடுகிறார்கள். வயலில் மீண்டும் தக்கைப்பூண்டு முளைக்கிறது.

பிழை செய்யாத உழவர் இல்லை. விதை கெட்டால் அடுத்த போகத்தில் மாற்றுகிறோம். பேச்சு கெட்டாலும் அப்படியே மாற்றிக் கொள்ளலாம். உங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால், அடுத்த நடவுக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, இந்த ஏழு செய்திகளையும் குத்தகைதாரருடன் உட்கார்ந்து பேசி எழுதிவிடுங்கள்.