சிவப்புப் பாசி ஏன் வெளுக்கிறது?

கடல்மீன் தொட்டியில், டேங் மீனுக்குத் தீனியாகக் கிரேசிலேரியா சிவப்புப் பாசி வாங்கி விட்டேன். மூன்றே வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டது. தண்ணீரைப் பளிங்குபோல் வைத்திருந்தும் ஏன் இப்படி?
– வாசகி, வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி

அந்தப் பளிங்குத் தண்ணீர்தான் வில்லன்! உங்கள் பாசி பட்டினி கிடக்கிறது. அதற்குச் சிவப்பைத் தரும் பைக்கோஎரித்ரின் ஒரு புரதம். தண்ணீரில் நைட்ரஜன் குறைந்தால் பாசி அந்தப் புரதத்தையே கரைத்துச் சாப்பிட்டுவிடும், நிறம் போய்விடும். ஒரு கிளையை விரலால் நசுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் பிழைக்கும். கொழகொழத்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

பாஸ்பேட்டும் பாசிக்கு உணவுதான்; அதை உறிஞ்சும் வடிகட்டியைக் கழற்றுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் வரை இருக்கட்டும். மீனுக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி கூட்டினாலே அது ஏறும். பாசியை மீன் எட்டாத சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டியில்), நீரோட்டத்தில் புரண்டுகொண்டே இருக்கும்படி விடுங்கள். ஒரே இடத்தில் கிடந்தால் அழுக்குப் படிந்து அழுகும். தினம் பத்து மணி நேரம் விளக்கு, 77 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் போதும்.

ராமேஸ்வரம் பக்கம் இதே இனத்துக் கஞ்சிப்பாசி கரையோர ஆழமில்லாக் கடலில் செழிக்கிறது. அங்கே யாரும் வடிகட்டி மாட்டவில்லை!

நிறம் திரும்பியதும் பாதியை மட்டும் கிள்ளி மீனுக்குப் போடுங்கள். மீதி மறுபடி தழைக்கும்.