மூன்று நாடுகள், ஒரே அஞ்சல் பெட்டி

கேள்வி: திருப்பூர், ஹாம்பர்க், டோக்கியோவில் எங்களுக்கு அலுவலகங்கள் உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் புழக்கத்தில் உள்ளன. எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் மென்பொருளைக் கட்டாயமாக்கலாமா?

பதில்: நெறிமுறைகளைக் கட்டாயமாக்குங்கள், மென்பொருளை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். அனுப்ப எஸ்எம்டிபி, படிக்க ஐமேப். இரண்டும் டிஎல்எஸ் பாதுகாப்புடன். பாப்3 வேண்டாம். அது அஞ்சலை ஒரு கணினிக்கு இறக்கிவிட்டு, வழக்கமாகச் சர்வரிலிருந்து நீக்கிவிடும். ஐமேப்பில் அஞ்சல் சர்வரிலேயே இருப்பதால், ஊழியர் எந்த ஊரில் திறந்தாலும் அதே பெட்டிதான்.

அடுத்தது எழுத்து. ஜப்பானிய அஞ்சல்கள் நெடுங்காலம் ஐஎஸ்ஓ-2022-ஜேபி முறையிலும், ஜெர்மன் அஞ்சல்கள் ஐஎஸ்ஓ-8859-1 முறையிலும் போய்வந்தன. இரண்டிலும் தமிழுக்கு இடமில்லை. யூடிஎஃப்-8 மட்டுமே என்று விதி வையுங்கள். மூன்று மொழிகளும் ஒரே கடிதத்தில் சிதையாமல் நிற்கும்.

அவுட்லுக் பயன்படுத்துவோர் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தைத் தவிர்க்கட்டும். இல்லாவிட்டால் மற்ற மென்பொருள்களில் இணைப்புக்குப் பதிலாக வின்மெயில்.டேட் என்ற கோப்பு வந்து நிற்கலாம். இலவசமான தண்டர்பேர்ட் மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். எதைத் தேர்ந்தாலும், பணம் கட்டுமுன் மூன்று மொழியிலும் இணைப்புடன் அஞ்சல் அனுப்பிச் சோதித்துவிடுங்கள்.