கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி

வாசிக்க: மாற்கு 5:21-34



பெரும்பாடுள்ள ஸ்திரீயைக் குறித்து ஞாயிறு பள்ளி நாள் முதல் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வருஷ வியாதி. கையிலிருந்ததெல்லாம் வைத்தியர்களுக்கே போயிற்று. கூட்டத்தில் அவள் பின்பக்கமாக வந்ததற்குக் காரணம் உண்டு. நாலு பேர் முன் சொல்லக்கூடிய வியாதியல்ல அது.

திருப்பூரிலும் இப்படிப்பட்டவர்கள் பின்பக்கமாகத்தான் வருகிறார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பெண் "இடுப்பு வலிக்குது, உடம்பு சூடு" என்றுதான் ஆரம்பிப்பாள். வெள்ளைப்படுகிறது என்பது மெதுவாக வரும். கணவனோடு சேர்ந்தபின் இரத்தம் கசிகிறது என்பது நாம் கேட்டாலொழிய வரவே வராது. அதுவோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டால் குணமாக்கலாம், வெட்கத்தில் ஒரு வருஷம் போனால் காரியம் வேறாகிவிடும்.

ஆண்கள் "நரம்புத் தளர்ச்சி" என்பார்கள். சுவரொட்டியைப் பார்த்து, லாட்ஜில் அறையெடுத்துத் தங்கும் வைத்தியரிடம் மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. (மாற்கு சொல்லும் வைத்தியர்கள் இன்னும் ஓயவில்லை!) விந்து வெளியேறுவதால் நரம்பு தளராது என்று ஒரு சிஸ்டர் இரண்டு நிமிஷம் சொல்லியிருந்தால் அந்தப் பணம் ஊரிலிருக்கும் தாய்க்குப் போயிருக்கும். தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லப் பக்கத்தில் பெரியவர்கள் இல்லை.

ஜாக் அன்னன் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1976ல் இதற்கு நான்கு படிகளை வகுத்தார். இதைப்பற்றி இங்கே பேசலாம் என்று அனுமதி கொடுப்பது முதற்படி. தேவையான தகவல் இரண்டாவது. குறிப்பான ஆலோசனையும், நிபுணரின் சிகிச்சையும் அடுத்தவை. அநேகருக்கு முதல் இரண்டே போதும். ஆனால் அந்த முதற்படிதான் நம் சிஸ்டர்களுக்குக் கடினம். அவர்களும் இதே வீடுகளில், இதே வெட்கத்தோடு வளர்ந்தவர்கள்தானே. அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் இப்படிக் கேட்பார்:

"இங்க வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேப்பனுங் கண்ணு. வீட்டுக்காரரோட இருக்கறப்ப வலி, ரத்தம் ஏதாச்சும் உண்டா?"

'எல்லாரிடமும்' என்ற சொல்லில்தான் அனுமதி இருக்கிறது. தன்னை மட்டும் சந்தேகிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு தகவல். வெள்ளைப்படுதல் எல்லாமே நோயல்ல. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் பரிசோதிக்க வேண்டும். ஆரம்ப நிலை மேகப்புண் ஒரே பென்சிலின் ஊசியில் குணமாகும். ஆனால் கணவனுக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தொற்றும். எச்.ஐ.வி. 1986ல் சென்னையில் கண்டறியப்பட்டபோது மருந்தில்லை. இன்று மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் அது பரவுவதில்லை. சம்மதமில்லாமல் பரிசோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது.

கலியாணமாகாத பிள்ளையிடமும் கேட்கலாமா என்று சில விசுவாசிகள் தயங்குகிறார்கள். கேட்கத்தான் வேண்டும், முகம் சுளிக்காமல். இந்த வியாதி உனக்கு எப்படி வந்தது என்று கர்த்தர் அந்த ஸ்திரீயை விசாரிக்கவில்லை. யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருந்தும், அவர் நின்று, அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். சரீரம் அதற்கு முன்னமே சொஸ்தமாகியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

திரைச்சீலை ஆளை மறைக்கும், குரலை மறைக்காது. ஆகவே இந்த ஊழியத்துக்கு வேண்டியது பெரிய இயந்திரமல்ல. கதவுள்ள சிறிய அறை, இரண்டு நாற்காலி, ஹிந்தி தெரிந்த ஒரு சிஸ்டர், ஷிப்டு இல்லாத ஞாயிறு மதியத்தில் சில மணி நேரம். முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்கப்போகும் இளம் செவிலியர்களுக்காக இந்த மாதம் ஜெபித்துக்கொள்ளுங்கள்.