பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

வீடியோவில் மனநல ஆலோசனை என்றதும் பலரும் முதலில் கேட்பது, "டாக்டர், இதை யாராவது ஹேக் பண்ணிட மாட்டாங்களே?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் தென் மாவட்ட நகரம் ஒன்றில் கிளினிக் வைத்துக்கொண்டு, கொரோனா காலத்திலிருந்து நோயாளிகளில் பெரும்பங்கினரைத் திரையிலேயே பார்த்துவரும் எனக்குத் தெரிந்தவரை, ரகசியம் கசிவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். கூடத்தில் டிவி பார்க்கும் மாமனார், அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஓரகத்தி, ஃபோனின் பேட்டர்ன் தெரிந்த கணவர், மூன்று பேர் தங்கியிருக்கும் ஹாஸ்டல் அறை.

கிளினிக்கில் கதவைச் சாத்துவது என் பொறுப்பு. ஃபோனில் அந்தக் கதவு நோயாளியின் வீட்டில் இருக்கிறது. பல வீடுகளில் அது இருப்பதே இல்லை. தொலைவழி மனநல மருத்துவத்தை முன்பே செய்தவர்கள் இதைக் கவனமாக யோசித்திருந்தார்கள். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அனுப்பிய பேருந்துக்குள்ளேயே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. கிராமத்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து சென்னை மருத்துவருடன் திரையில் பேசலாம். ஆளுக்கொரு ஃபோன் வந்ததும் அந்த அறை காணாமல் போய்விட்டது. அதை ஒவ்வொரு அழைப்பிலும் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எப்படி என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நிகழ்வுகளில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

'ஆமா, இல்ல' போதும்

ஓர் இளம்பெண். "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டால், பதிலுக்கு முன் அவர் கண் திரைக்கு மேலே, இடப்பக்கமாக ஒரு தரம் போய்வரும். பிறகு, "நல்லா இருக்கு டாக்டர்." பசி? அதே பார்வை, அதே பதில். போன மாதம் நேரில் வந்து அழுதவர் இவர். நான் பேச்சை மாத்திரை நேரத்துக்கு மாற்றி, "ஹெட்ஃபோன் இருந்தா போட்டுக்கங்கம்மா" என்றேன். போட்டதும், "இனி நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?" "ஆமா." "அவங்க இருக்கும்போது பேச முடியுமா?" "இல்ல." "வேலை பார்க்கிற இடத்துலேர்ந்து பேசலாமா?" "ஆமா." அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து, வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டார். அப்போதுதான் உண்மையான ஆலோசனை நடந்தது.

அதிலிருந்து எந்த அழைப்பையும் "எங்கே இருக்கீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்காமல் நான் ஆரம்பிப்பதில்லை. ஹெட்ஃபோன் போட்டால் என் கேள்வி வெளியே கேட்காது என்பதே பாதி நிம்மதி. கூடவே, நோயாளியும் நானும் ஒரு வாக்கியம் பேசிவைத்துக்கொள்கிறோம். "மாத்திரை தீர்ந்துபோச்சு டாக்டர்" என்றால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருள். உடனே நான் பொதுப் பேச்சுக்குத் தாவிவிடுவேன். உங்கள் மருத்துவர் இதைச் சொல்லவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இடம் என்று பார்த்தால், நிறுத்திய காருக்குள், மொட்டைமாடி, பகலில் ஆளில்லாத தோழி வீடு எல்லாம் சரி. பேருந்து வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவது வேண்டவே வேண்டாம், நானே துண்டித்துவிடுவேன்.

சம்மதம் யாருடையது?

"பையனுக்கு இருபத்தாறு வயசு, ரூமை விட்டு வெளியே வர்றதில்ல. அவன்கிட்ட உங்களை என் ஃப்ரெண்டுன்னு சொல்லிப் பேச வைக்கிறேன். நீங்க பேச்சுவாக்குல கண்டுபிடிச்சு மாத்திரை எழுதிக் குடுங்க, காபில கலந்து குடுத்துடறேன்." இப்படிக் கேட்காத அம்மாக்கள் குறைவு. அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது முடியாது.

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. நோயாளி தானே அழைத்தால் சம்மதம் அதிலேயே அடக்கம். குடும்பத்தினரோ சுகாதாரப் பணியாளரோ மருத்துவரோ தொடங்கினால் நோயாளி வெளிப்படையாகச் சம்மதம் சொல்ல வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், குரல்பதிவு எதுவானாலும் போதும்; மருத்துவர் அதைப் பதிவில் வைக்க வேண்டும்.

அம்மா சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதில் எந்த விதியும் மீறப்படவில்லை. அதனால் முழுதும் கேட்டேன். பிறகு மகனிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, "நான் மனநல டாக்டர். அம்மாதான் கூப்பிட்டாங்க. அஞ்சு நிமிஷம் பேசலாமா தம்பி? வேண்டாம்னாலும் சரி" என்றேன். வேண்டாம் என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் அவரே, "பேசலாம். அம்மா இல்லாதப்ப" என்று செய்தி அனுப்பினார். பொய் சொல்லித் தொடங்கியிருந்தால் அந்தச் செய்தி வந்தே இருக்காது. எல்லார் வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து, அல்லது நோயின் கடுமையால் முடிவெடுக்கும் நிலையிலேயே இல்லை என்றால் வீடியோவை விட்டுவிட்டு நேரில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது.

ஒருமுறை 'சரி' என்றது எல்லாவற்றுக்கும் 'சரி' ஆகாது. அழைப்பைப் பதிவு செய்ய, பயிற்சி மருத்துவர் கூட இருக்க, மனைவியை இணைப்பில் சேர்க்க, ஆபீசுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். இது இருபக்கமும் பொருந்தும்: நீங்கள் பதிவு செய்வதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டாருக்கு எவ்வளவு சொல்லலாம்?

"என்ன சொன்னா அவ? நான் புருஷன், எனக்குத் தெரியக்கூடாதா?" இந்தக் கேள்விக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு பதில் வைத்திருக்கிறது. நோய், சிகிச்சை, பேசிய விஷயம் எல்லாமே ரகசியம். 24ஆம் பிரிவு இந்தப் பாதுகாப்பை டிஜிட்டல் பதிவுகளுக்கும் நீட்டிக்கிறது. விதிவிலக்குகள் சில: சிகிச்சையில் சேரும் மற்ற மருத்துவர்கள், நோயாளியின் நியமனப் பிரதிநிதி, உயிராபத்து, மற்றவருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவை. கணவர், அப்பா என்ற உறவு மட்டும் போதாது.

நியமனப் பிரதிநிதியை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். பதினெட்டு வயது முடிந்தவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே செல்லும். உடம்பு தேறியிருக்கும்போது இதைச் செய்துவைப்பது புத்திசாலித்தனம். என்னிடம் வரும் ஒருவர் அண்ணனை விட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் நண்பரை எழுதிக்கொடுத்தார். அது அவருடைய உரிமை.

விதிவிலக்கை நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "நீங்க சொல்றது என்கிட்டயே இருக்கும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் வீட்டுக்குச் சொல்லுவேன்." இப்போது இருக்கும் இடத்தின் முகவரியும், அவசரத்துக்கு ஒருவரின் எண்ணும் நான் கேட்பது இதற்காகத்தான். இதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பதின்வயதினர் விஷயம் கொஞ்சம் வேறு. பதினெட்டு ஆகாதவருடன் பெரியவர் ஒருவர் இருந்தால்தான் தொலைவழி ஆலோசனை. ஆனால் கூட இருப்பது என்றால் தோளுக்குப் பின்னால் நிற்பதல்ல. தொடக்கத்தில் சேர்ந்து பேசிவிட்டு, பெற்றோரின் சம்மதத்தோடு கொஞ்ச நேரம் பிள்ளையை மட்டும் பேசவிடச் சொல்வேன். ஒப்புக்கொள்ளும் வீடுகளில் பிள்ளை சீக்கிரம் தேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபோன் விட்டுவைக்கும் தடயங்கள்

பேச்சைக் காப்பாற்றிவிட்டுச் சீட்டைக் கோட்டை விடுகிறோம். வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச்சீட்டு தானாகவே கேலரிக்குப் போய்விடும். குழந்தை கார்ட்டூன் பார்க்க ஃபோனை எடுத்தால் அதுதான் முதல் படம். மாத்திரை வாங்கிவரச் சொல்லிச் சீட்டைக் குடும்ப குரூப்பில் போட்டவர்களும் உண்டு. சீட்டில் மருத்துவரின் துறையும் மாத்திரையின் பெயரும் இருக்கும். சித்தப்பா கூகுளில் தேட இரண்டு நிமிடம் போதும். எனவே,

- வாட்ஸ்அப்பில் மீடியா தானாகச் சேமிக்கப்படுவதை நிறுத்திவையுங்கள். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள்.
- பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் எதுவும் எழுத வேண்டாம். கணக்கு இருவர் பெயரிலும் இருந்தால் ஸ்டேட்மெண்டில் என்ன தெரியும் என்று யோசியுங்கள்.
- காலண்டரிலும் அலாரத்திலும் 'மனநல டாக்டர்' என்று போடாமல் உங்களுக்கு மட்டும் புரிவதாகப் போடுங்கள்.
- நோட்டிஃபிகேஷன் பூட்டுத்திரையில் தெரியாதபடி மாற்றுங்கள்.

செயலி வழியாக வருபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், சிகிச்சை தேடி வந்தவர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக வந்த புகாரில் 2023இல் 78 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பின்லாந்தின் வஸ்தாமோ உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடுபோன செய்தி 2020இல் வெளிவந்தபோது, பணம் தராவிட்டால் அந்தரங்கத்தை வெளியிடுவோம் என்று நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல் போனது. ஆகவே கான்டாக்ட்ஸ், லொகேஷன் கேட்கும் செயலிக்கு 'அனுமதி இல்லை' என்று சொல்லுங்கள். பேசப்போவது யார், அவருடைய மருத்துவப் பதிவு எண் என்ன என்று பாருங்கள். அந்த எண் சீட்டில் இருந்தாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு தானாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ முன்பு சொன்ன தொலைமருத்துவ வழிகாட்டுதல்களில் இடமில்லை.

கடைசியாக ஒன்று. எந்த நிமிடத்திலும் அழைப்பை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கவும் உரிமை உண்டு. மருத்துவரே கிடைக்காத நேரத்துக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் அது; இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். எந்த எண்ணைக் கூப்பிட்டாலும், "இப்ப பேச முடியாது, பக்கத்துல ஆள் இருக்கு" என்று சொல்லத் தயங்காதீர்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் மருத்துவரை மாற்றிவிடுங்கள்.