மலை மறைத்த சூரியனும் மஃரிபு வக்தும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைப் பக்கம் வசிக்கும் சகோதரர்களுக்கு ரமளானில் ஒரு சந்தேகம் எழுவது இயல்பே. சூரியன் மேற்கே மலைக்குப் பின்னால் போய்விட்டது, நோன்பு துறக்கலாமா?

கூடாது. மலை மறைத்தது வேறு, அஸ்தமனம் வேறு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுழல்கிறது. சூரியனுக்கு எதிரே நிற்கும் பாதிக்குப் பகல். மறு பாதிக்கு இரவு. நாம் நிற்கும் நிலம் அந்த எல்லையைக் கடந்தால்தான் மஃரிபு.

இச்சுழற்சியில் ஒரு பாகைக்கு 4 நிமிடம். கள்ளக்குறிச்சி சென்னைக்கு மேற்கே சுமார் 1.3 பாகை தள்ளியிருப்பதால், இங்கே மஃரிபு ஏறக்குறைய 5 நிமிடம் பிந்தும். பருவத்துக்கேற்ப ஓரிரு நிமிடம் கூடும், குறையும். சென்னை அட்டவணையைப் பார்த்து ஸஹரை முடிப்பவருக்கு நஷ்டமில்லை. அதையே பார்த்து நோன்பு துறந்தவரோ அந்நோன்பைக் களாச் செய்ய வேண்டும்! ஐந்து நிமிடம்தானே என்று சொல்வோரை என்னவென்பது?

மேற்கே மலை மறைக்கும் ஊரில் கிழக்கைப் பாருங்கள். அங்குள்ள உயரங்களில் வெயில் நீங்கி, அடிவானில் கருநீல இருள் எழும். பூமியின் சொந்த நிழலே அது. நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன அடையாளங்களில் கிழக்கிலிருந்து இருள் வருவதும் ஒன்றல்லவா?

மலைமேல் இருப்போர் விஷயம் வேறு. மேற்கே மறைப்பில்லாத 3,000 அடி உயரத்தில், சமவெளியைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகச் சூரியன் தெரியும். அலெக்சாந்திரியாவின் உயர்ந்த மினாராவைப் பற்றி இதே கேள்வி முற்காலத்திலேயே எழுந்திருக்கிறது. கீழே ஊரார் நோன்பு துறக்கலாம், மேலே நின்று சூரியனைக் காண்பவர் துறக்கக் கூடாது என்பதே ஹனஃபி நூல்களில் காணும் பதில்.