குடல் சொல்லும் பாடம்

செகந்தராபாத்துக்கு வடக்கே, பொல்லாரத்தை அடுத்து இருப்பது அல்வால். 1806-இல் செகந்தராபாத் தோன்றிய பின்னர் சென்னைப் படையினர் இப்பகுதிப் பாளையங்களில் தங்கினர். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் தமிழ்க் குடும்பங்கள் பல வந்தன. எங்கள் குடும்பமும் அவ்வாறு வந்ததே.

ஞாயிறு தோறும் எங்கள் வீட்டில் போட்டிக் குழம்பு. ஆட்டின் குடலையும் இரைப்பையையும் நாங்கள் போட்டி என்போம். அண்டை வீட்டுத் தெலுங்கரும், எதிர்வீட்டு உருது பேசுவோரும் அதே பெயரைத்தான் சொல்வர். மூன்று மொழியும் ஒத்துப்போகும் சொற்களுள் இதுவும் ஒன்று! ஆயா விடியலிலேயே கிணற்றடியில் அமர்ந்துவிடுவார். குடலை ஒரு குச்சியில் மாட்டி, உட்புறம் வெளியே வரும்படி புரட்டுவார். உப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்ப்பார். இரைப்பையை வெந்நீரில் முக்கி, சுண்ணாம்பு தடவி, கறுப்புத் தோலைச் சுரண்டுவார். ஏழு தண்ணீர் மாற்றிய பிறகுதான் அது அடுப்பேறும்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குழம்பைத் தூக்கில் ஊற்றி விடுதிக்குக் கொண்டு வந்தேன். மூடியைத் திறந்ததும் நண்பன் ஒருவன், “இதையெல்லாமா உங்கள் வீட்டில் தின்பார்கள்?” என்று கேட்டான். மூடியை மூடிவிட்டேன். அன்று மாலை குழம்பைக் கொட்டினேன். அடுத்த வாரம் ஆயா, “தூக்கு காலியா வந்துச்சே, எல்லாரும் சாப்ட்டீங்களா கண்ணு?” என்று கேட்டபோது, ஆம் என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. இறைச்சியைப் பதப்படுத்தும் முறைகளைப் பற்றி வகுப்புக்காகப் படித்தபோது, பிரெஞ்சு நாட்டின் ஆந்தூய் என்னும் பண்டம் கண்ணில் பட்டது. நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆந்தூய் என்பது யாது?

இறைச்சியைக் கொத்திக் குடலுக்குள் அடைத்துச் செய்வது சாசேஜ் என்பதை நாம் அறிவோம். ஆந்தூயில் உறையும் குடல். உள்ளே இருப்பதும் பெரும்பாலும் குடலும் இரைப்பையுமே! எங்கள் வீட்டில் ஆடு, அங்கே பன்றி. வேறுபாடு அவ்வளவே. ‘உள்ளே செலுத்தப்பட்டது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். இதன் சிறிய வகைக்கு ஆந்தூயெத் என்று பெயர்.

மூன்று ஊர்கள், மூன்று முறைகள்

முதலாவது, நார்மண்டியில் உள்ள வீர் என்னும் ஊர். அங்கே குடலையும் இரைப்பையையும் கழுவி நறுக்கி, உப்பிட்டு, உறையில் அடைத்து, பீச் மர விறகின் புகையில் நெடுநாள் தொங்கவிடுவர். பின்னர் நீரில் வேகவைப்பர். வெளித்தோல் கறுத்துவிடும். மெல்லிய வில்லைகளாக அரிந்து, ஆறிய நிலையிலேயே உண்பர்.

இரண்டாவது, பிரிட்டனிப் பகுதியின் கெமெனே. இங்கே நறுக்குவதில்லை. ஒரு குடலின்மேல் இன்னொரு குடலாக 20 முதல் 25 குடல்களைக் கையாலேயே உறைபோல் ஏற்றுவர். புகையூட்டி, உலர்த்தி, வேகவைத்து அரிந்தால், அடிமரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும்.

மூன்றாவது, ஷாம்பெயின் பகுதியின் துருவா நகரம். அது ஆந்தூயெத்துக்குப் பெயர் பெற்றது. குடலையும் இரைப்பையையும் நீளவாட்டில் கீற்றுகளாக்கி, வெங்காயம், உப்பு, மிளகு சேர்த்து, நூல் கொண்டு இழுத்து உறைக்குள் செலுத்துவர். பிறகு பல மணி நேரம் வேகவைப்பர். உண்ணும்போது வாட்டிச் சுடச்சுடக் கடுகுச் சாந்தோடு பரிமாறுவர்.

இந்தப் பண்டம் கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் லூசியானாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர் பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினர். அங்குள்ள ஆந்தூயில் இன்று இருப்பது பெரும்பாலும் பன்றியின் தோள் இறைச்சியும் பூண்டும் புகையுமே. பெயர் மட்டும் பழையது.

வேதியியல் சொல்வது

வீட்டில் பன்றி அறுத்த நாளில் முதலில் கெடுவது குடல்தான். அங்கேதான் நுண்ணுயிர்கள் மிகுதி. ஆகவே ஏழைக் குடியானவன் அதை உடனே கழுவினான், உப்பிட்டான், புகையூட்டினான். உப்பு, நுண்ணுயிர்க்கு வேண்டிய நீரைக் கட்டிப்போடுகிறது. புகையில் உள்ள ஃபீனால்கள் அவை பெருகுவதைத் தடுக்கின்றன. குடலின் சுவர் கொலாஜென் என்னும் புரதத்தால் வலுப்பெற்றது. அவசரமாக வேகவைத்தால் ரப்பர். நீரில் பொறுமையாகப் பல மணி நேரம் வேகவைத்தால் கொலாஜென் ஜெலட்டினாகக் குழைந்து, வாயில் வழுக்கும். “சின்ன தீயில வேகட்டும்” என்று ஆயா சொல்வதன் காரணமும் இதுவே.

வாடை? அதற்கும் விளக்கம் உண்டு. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புரதத்தின் கூறுகளைச் சிதைக்கும்போது இண்டோல், ஸ்கேட்டோல், கிரெசால் ஆகிய பொருள்கள் உண்டாகின்றன. எவ்வளவு கழுவினாலும் அவற்றின் சாயல் சிறிது நிற்கும். துருவாவின் தட்டிலும் அந்த வாடை உண்டு. அல்வாலின் தூக்கிலும் உண்டு. முன்னதை நறுமணமாகப் போற்றுவோர் பலர். பின்னதற்கு நான் மூடியை மூடினேன்.

இழிவு எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சுக்காரர்க்கும் இந்தப் பண்டம் எப்போதும் பெருமையாக இருந்ததில்லை. ‘ஆந்தூய்’ என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் முட்டாள் என்றும் பொருள். 1552-இல் வெளிவந்த தம் நான்காம் நூலில், ரபெலே என்னும் எழுத்தாளர் ஆந்தூய்களையே ஒரு படையாக்கிப் போருக்கு அனுப்பி நகைத்தார். ஆயினும் செய்வோர் கைவிடவில்லை. ஊர்ப்பெயரைச் சூட்டினர்; செய்முறையை எழுதிவைத்தனர். 1970-களில் உணவுச் சுவைஞர் சிலர் உண்மையான ஆந்தூயெத்துக்கென்றே ஒரு சங்கம் அமைத்து, தரமாகச் செய்வோர்க்குச் சான்றிதழ் வழங்கினர். அச்சங்கத்தின் பெயரில் ஐந்து ‘ஏ’ எழுத்துகள். உணவகங்கள் அவற்றைப் பெருமையோடு பட்டியலில் அச்சிடுகின்றன.

நம் நாட்டிலும் இக்கலை இல்லாமல் இல்லை. சிக்கிமில் இறைச்சியைக் குடலில் அடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்தும் கர்க்யோங் உண்டு. ஆனால் நம்மிடையே குடலும் இரத்தமும் சாதியோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டன. நல்ல கறி ஒருவர்க்கு, எஞ்சிய உறுப்பு இன்னொருவர்க்கு என்று பங்கிட்டவர்களே, பின்னர் உறுப்பை உண்பவனை இழிந்தவன் என்றார்கள். 1956 வரை ஐதராபாத் மாநிலத்தில் அடங்கியிருந்த மராத்வாடாவின் தலித் சமையலை ஷாகு பட்டோளே மராத்தியில் நூலாக்கினார். அது 2015-இல் வந்தது. 2024-இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. குடலும் இரத்தமும் அந்நூலில் வெட்கமின்றி இடம் பெறுகின்றன. எழுதப்பட்டது நிலைக்கும், எழுதப்படாதது ஏளனத்துக்கு இரையாகும்.

நண்பர்களே! எல்லாரும் குடலை உண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் பாரிசில் பரிமாறினால் கலை, பக்கத்து அறையில் பரிமாறினால் அருவருப்பு என்றால், கோளாறு பண்டத்தில் இல்லை. நம் கண்ணில்தான் இருக்கிறது.

சென்ற ஞாயிறு அல்வாலுக்குப் போயிருந்தேன். ஆயாவிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கொட்டுனதுக்கு எனக்கே குடுத்துருக்கலாமே” என்றார். பிறகு குச்சியை என் கையில் கொடுத்து, புரட்டச் சொன்னார். மூன்று முறை குடலைக் கிழித்துவிட்டேன். நான்காம் முறை வந்தது. அளவும் நேரமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் திங்கட்கிழமை தூக்கு விடுதிக்கு வரும். மூடி திறந்தே இருக்கும்.